காலம் தெரியும், வினை தெரியாது

லண்டனில் ஒட்டோமி மொழி பேசுகிற ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். மெக்சிகோவின் நடுப்பகுதியில், வறண்ட மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் ஆதிக்குடிகளின் மொழி அது. அதைப் பேசிய அந்தப் பெண் குரோய்டனில் இருந்தார். அவருடைய மொழியில் வினைச்சொற்கள் எப்படிக் காலம் காட்டுகின்றன என்று ஆராய்ந்து எழுதித்தான் நான் பட்டம் வாங்கினேன்.

எண்பதுகளின் நடுவில் அது தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்த நான் அப்போது லண்டன் வந்து, ஸ்ட்ரெதமில் ஓர் அறை எடுத்து இருந்தேன். பகலில் கவுன்சில் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. மாலையில் கல்லூரிக்குப் போய் மொழியியல் படித்தேன். "உதைப் படிச்சு முடிச்சா என்ன வேலை கிடைக்கும் பிள்ளை?" என்று அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பார். அது எனக்கும் தெரியாது.

எங்களுக்கு வாரத்தில் ஒருநாள் ஒரு விசேஷமான வகுப்பு இருந்தது. யாருக்கும் தெரியாத மொழி ஒன்றைப் பேசுகிறவரை முன்னால் இருத்தி, அவரிடம் கேட்டுக் கேட்டே அந்த மொழியின் இலக்கணத்தை நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வருடம் விரிவுரையாளர் அழைத்து வந்தது இந்தப் பெண்ணை. ஆஸ்பத்திரித் துணிகளைக் கழுவும் சலவைச்சாலையில் ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார். சீருடையை மறைத்து மேலே கோட். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி இருந்தார். பரீட்சை எங்களுக்குத்தான் என்பது அவருக்குப் பிடிபட நாளானது.

அவருடைய ஆங்கிலத்தில் காலமே கிடையாது. நேற்று வந்தவனும் நாளை வரப்போகிறவனும் அவருக்கு 'ஹி கம்' தான். ஆனால் தன் மொழியைப் பேசத் தொடங்கினால் வேறு ஆளாகிவிடுவார். அதில் ஒவ்வொரு வினைக்கும் முன்னால் ஒரு சின்னச் சொல் வரும். யார் செய்தது, எப்போது செய்தது, முடிந்ததா முடியவில்லையா என்பதெல்லாம் அந்த ஒற்றை அசைக்குள் இருக்கும். 'பி' என்று தொடங்கினால், செய்தார், முடிந்துவிட்டது. 'ஷி' என்றால், செய்திருக்கிறார், செய்ததன் விளைவு இன்னும் இருக்கிறது. 'டா' என்றால் இனிச் செய்வார். அவனா, அவளா, அதுவா என்ற பேதம் மட்டும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒன்றேதான்.

'மி' வந்தபோது வகுப்பு திணறியது. செய்துகொண்டிருந்தான் என்றார் ஒருவர், செய்வது வழக்கம் என்றார் இன்னொருவர். எனக்கு உடனே விளங்கியது. எங்கள் பக்கத்தில் "அவர் முந்தி எங்கட வீட்ட வாறவர்" என்று சொன்னால், இப்போது வருகிறார் என்று அர்த்தமில்லை. வந்துபோன ஒரு காலம் இருந்தது, இப்போது அது இல்லை. 'மி' அதுதான். இதை நான் எழுந்து சொன்னபோது, என் தமிழ் ஒரு சொல்லும் விளங்காத அந்தப் பெண் ஓம், ஓம் என்று தலையாட்டினார்.

வகுப்பில் நாங்கள் கேட்ட வசனங்கள் எல்லாம் விசித்திரமானவை. சாகுதல் என்ற வினையை எல்லாக் காலத்திலும் போட்டுப் பார்க்க விரும்பினார் விரிவுரையாளர். "என் அம்மா இறந்தார் என்று சொல்லுங்கள்" என்றார். அந்தப் பெண் மறுத்துவிட்டார். "என்ர அம்மா சாகேல்லை" என்றார். (நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். எனக்கு நினைவில் நிற்பது என் தமிழில்.) வசனம் பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, இது பாடத்துக்குத்தான் என்று விரிவுரையாளர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் அசையவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக் கழுதையைச் சாக வைக்கச் சம்மதித்தார். கழுதை செத்தது. கழுதை செத்துப்போயிருக்கிறது. கழுதை சாகும். தன்மையில் "நான் செத்தேன்" என்று கேட்டபோது அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "செத்தவள் எப்பிடிக் கதைப்பாள்?" அட்டவணையில் அந்தக் கட்டம் வெறுமையாகவே போனது.

வகுப்பு முடிந்த பிறகும் நான் அவரை விடவில்லை. இந்த வினைகளைப் பற்றியே ஆய்வு எழுதுவதாகத் தீர்மானித்து, சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். குரோய்டன் எனக்குப் புதிய இடமல்ல. விசா அலுவலாக அங்கே குடிவரவு அலுவலகத்தின் பெரிய கட்டடத்தில் பலமுறை காத்துக்கிடந்திருக்கிறேன். அதே ஸ்டேஷனில் இறங்கி மற்றப் பக்கம் நடந்தால் அவர் வீடு.

இளம் வயதில் ஓர் ஆங்கிலக் குடும்பத்துக்கு வேலைக்காரியாக மெக்சிகோ நகரத்துக்கு வந்து, அவர்களோடு லண்டன் வந்தவர் அவர். பிறகு அவர்களை விட்டு விலகி சலவைச்சாலையில் சேர்ந்தார். சலவைத் துணி ஏற்றும் வேன் ஓட்டியவர் அவரைக் கல்யாணம் செய்தார். பிள்ளைகள் இல்லை. ஊரில் ஒரு தங்கை இருந்தாள். கணவர் அதிகம் பேசாத மனிதர். நான் போனால் தேநீர் போட்டு வைத்துவிட்டு, எங்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் பின்வளவுத் தோட்டத்தில் போய் நிற்பார்.

ஒருநாள் அந்தப் பெண் கேட்டார்: "உங்கட ஊரில என்னை மாதிரி வயசான பொம்பிளையை என்னெண்டு கூப்பிடுவீங்கள்?"

"அக்கா எண்டு."

"அப்ப அப்பிடியே கூப்பிடு."

அதற்குப் பிறகு அக்காதான். கடையில் நல்ல பச்சை மிளகாய் வந்தால் அவருக்கும் வாங்கிப் போவேன். அதைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டே பேசுவார். நான் ஒரு வினையைக் கேட்பேன். அவர் அதைச் சொல்லிவிட்டு, அதன் வால் பிடித்து எங்கேயோ போய்விடுவார். ஒட்டோமியிலேயே நீளமாக, சிரித்தும் கைகளை வீசியும் கதை சொல்வார். என் காதில் விழுந்தது 'மி', 'மி', 'பி', 'மி' தான். யாரோ ஏதோ செய்துகொண்டிருந்தார்கள், செய்துகொண்டிருந்தார்கள், ஒன்றைச் செய்தார்கள், அது முடிந்தது. இடையில் வந்த சொற்களில் பாதிக்குமேல் எனக்குத் தெரியாது. சில வினைகளை மட்டும் எடு, அவற்றை எல்லா வடிவத்திலும் பார், அதுவே உனக்கு அதிகம் என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். வேலைக்கும் போய்க்கொண்டு படிப்பவளுக்கு உண்மையில் அதுவே அதிகந்தான்.

அக்கா மட்டும் எனக்கு எல்லாம் விளங்குகிறது என்றே நினைத்தார். கதையின் இடையில் "மி" என்ற அசையைப் பிடித்து நான் தலையாட்டினால் முகம் மலர்ந்துவிடும். "நீ வாற நாளில மட்டும்தான் என்ர வாய்க்கு வேலை" என்று ஒருமுறை சொன்னார்.

ஆய்வு முடிந்தது. பட்டம் கிடைத்தது. அதனால் வேலை ஒன்றும் மாறவில்லை, அதே கவுன்சிலில் வேறு மாடிக்குப் போனேன். கல்யாணமானது, ஹரோவுக்கு வீடு மாறினோம், இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அக்காவோடு பேச்சு நத்தார்ப் பண்டிகைக் காலத்துத் தொலைபேசி அழைப்பாகச் சுருங்கியது. ஒட்டோமியும் மெல்ல மெல்ல என்னை விட்டுப் போனது. மிஞ்சியது அந்தச் சின்ன அசைகளின் அட்டவணை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வாய்ப்பாடு போல அது மட்டும் அழியாமல் கிடந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அக்காவின் கணவர். அவர் அதுவரை எனக்கு ஒருமுறையும் எடுத்ததில்லை.

"அவவுக்கு ஸ்ட்ரோக் வந்திட்டுது. இங்கிலிஷ் எல்லாம் போயிட்டுது. அவவின்ர பாஷை மட்டும்தான் வருது. இஞ்ச ஒருத்தருக்கும் விளங்கேல்லை. நீர் ஒருக்கா வருவீரோ?"

நான் ரிசீவரை வைத்ததும் என் கணவர் கேட்டார்: "உமக்கு அந்தப் பாஷை தெரியுமெல்லே? பிறகேன் முகம் இப்பிடிக் கறுத்துப்போச்சு?"

"தெரியாதப்பா. அதைப் பற்றித்தான் எனக்குத் தெரியும்."

அவருக்கு நான் சொன்னது விளங்கவில்லை. காரை எடுத்து வந்து வாசலில் நிறுத்தினார்.

ஆஸ்பத்திரி வார்டில் அக்கா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது கை அசையவில்லை. வாயின் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆனால் பேச்சு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மூளையில் அடிபட்ட இடத்தால் பிறகு படித்த மொழிகள் அடைபட்டுவிட்டன, திரும்பி வரலாம், வராமலும் விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். முதலில் எல்லோரும் உளறல் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். கணவர்தான் விடவில்லை. "இது உளறல் இல்லை. குசினியில தனிய நிண்டு சமைக்கேக்க இந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறன்." ஸ்பானிய மொழி தெரிந்த துப்புரவுப் பணிப்பெண் ஒருத்தியைக் கூட்டி வந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, விளங்கவில்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாளாம்.

அந்த வார்டில் மன்னார்ப் பக்கத்து நேர்ஸ் ஒருத்தி இருந்தாள். என்னைக் கண்டதும் தமிழில் கேட்டாள்: "அக்கா, உங்களுக்கு இவவின்ர பாஷை விளங்குமே? எங்க நோகுது எண்டு ஒருக்காக் கேளுங்கோ. அது போதும் எங்களுக்கு."

நோவுக்கு ஒட்டோமியில் என்ன சொல்? நான் கேட்டதே இல்லை. 'நோ' என் ஆய்வு வினைகளில் ஒன்றாக இருக்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. அவர் மொழியில் எதையாவது சொல்ல வேண்டும். முழு வசனமாக என் வாயில் வந்தது ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டுக் கழுதை செத்துவிட்டது.

அக்காவின் பேச்சு நின்றது. என்னை உற்றுப் பார்த்தார். பிறகு நல்லாயிருந்த பாதி முகத்தால் சிரித்தார். கண்ணால் நீர் வழிய வழியச் சிரித்தார். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, கட்டிலில் இருக்கச் சொல்லி இழுத்தார். பிறகு பேசத் தொடங்கினார். தன் பாஷை தெரிந்தவள் வந்துவிட்டாள் என்ற நம்பிக்கையில் பேசினார்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மி, மி, மி. கணவர் கட்டிலின் மற்றப் பக்கம் குனிந்து நின்றார்.

"என்ன சொல்லுறா?"

"முந்தி நடந்துகொண்டிருந்த ஏதோ ஒண்டைப் பற்றி. பலநாள் நடந்தது. இப்ப இல்லை."

"என்னது?"

"தெரியேல்லை."

"ஆர் செய்தது? நானோ?"

"அதுவும் தெரியேல்லை. அவனெண்டாலும் அவளெண்டாலும் அதெண்டாலும் ஒரே சொல்லுத்தான்."

அவர் ஓம் என்று தலையாட்டினார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். 'தெஹெ' என்று கேட்டுப் பார்த்தேன். தண்ணீர். எனக்குத் தெரிந்த சில பெயர்ச்சொற்களில் அது ஒன்று. தாகமில்லை போலும், முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னார் நேர்ஸ் கையைக் காலைத் தொட்டுத் தொட்டு முகத்தைப் பார்த்து, தானாகவே நோவைக் கண்டுபிடித்துக்கொண்டாள். அந்த அளவுகூட என் படிப்பு உதவவில்லை.

அடுத்த நாட்களில் ஓடித் திரிந்தேன். பழைய விரிவுரையாளர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டிருந்தார். தொலைபேசியில் பிடித்தேன். "உன்னிடம் இல்லாதது என்னிடமும் இல்லை. நீதான் அவரோடு அதிக நாள் இருந்தாய்" என்றார். மெக்சிகோத் தூதரகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் தன்மையாகப் பேசி, தங்களில் யாருக்கும் அந்த மொழி தெரியாது என்று வருந்தினாள். கல்லூரி நூலகத்தில் ஸ்பானிய மொழியில் ஒரு ஒட்டோமி அகராதி கிடைத்தது. ஆனால் அது வேறொரு பள்ளத்தாக்கின் பேச்சு. அங்கே ஒரு சொல் இங்கே வேறு மாதிரி. போதாததற்கு அந்த மொழியில் வினைக்கு ஒரு குணம் உண்டு. முன்னால் வரும் அசைக்கு ஏற்ப அதன் முதல் எழுத்தே மாறிவிடும். காதில் கேட்டதை வைத்து அகராதியில் எந்த எழுத்தில் தேடுவது? சொல்லின் ஏற்ற இறக்கத்தாலும் அர்த்தம் மாறும். ஸ்ட்ரோக் வந்தவரின் குரலில் எது ஏற்றம், எது இறக்கம்?

அகராதியையும் காவிக்கொண்டு வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போவேன். அக்கா பேசுவார். நான் பக்கங்களைப் புரட்டுவேன். ஒரு சொல்லை நான் கண்டுபிடிப்பதற்குள் அவர் இருபது வசனம் தாண்டிப் போயிருப்பார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டேன். கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பதுதான் என்னால் ஏலுமாக இருந்தது. அவர் அதைத்தான் விரும்பினார் என்று நேர்ஸ் சொன்னாள். "நீங்கள் வந்திட்டுப் போனா அண்டைக்கு அமைதியாப் படுக்கிறா." எனக்கு அது ஆறுதலாக இல்லை. விளங்குகிறது என்று நம்பி ஒருவர் தன் வாழ்க்கையையே சொல்லிக்கொண்டிருக்க, தலையாட்டிக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை.

ஒரு பின்னேரம் நான் போனபோது பேச்சு மாறியிருந்தது. 'மி' இல்லை. 'பி' இல்லை. அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, 'கி' என்று தொடங்கும் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். 'கி' என்றால் நீ. குரலை உயர்த்திச் சொன்னால் நீ செய்கிறாய். தாழ்த்திச் சொன்னால் நீ செய்வாய். அவர் குரல் உடைந்து கிடந்தது, உயர்வும் தாழ்வும் பிரியவில்லை. ஆனால் கண்கள் கேட்டுக்கொண்டிருந்தன. நீ செய்வாயா என்றுதான் கேட்டார். வினையின் கடைசியில் 'என்னை' என்று பொருள்படும் ஓர் அசை ஒட்டியிருந்தது, அதுவும் எனக்குக் கேட்டது. நீ, என்னை, செய்வாயா? எதை என்பது மட்டும் இல்லை.

அந்தச் சொல்லை நான் திருப்பிச் சொன்னேன். அவர் ஆவலோடு தலையாட்டினார். கட்டிலைக் காட்டினேன், ஜன்னலைக் காட்டினேன், தலையணையைத் தூக்கினேன். இல்லை, இல்லை. அதே வசனம். நேரம் போகப் போகக் குரல் தளர்ந்தது, பிடி தளரவில்லை. கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறென்ன செய்வேன்? 'ஹா, ஹா' என்றேன். அவர்கள் பாஷையில் ஓம் என்பதற்கு அதுதான்.

அக்கா பிடியை விட்டார். முகத்தில் இருந்த இறுக்கம் போய், கண்ணை மூடி, கொஞ்ச நேரத்தில் நித்திரையாகிவிட்டார்.

"என்ன கேட்டவ?" என்றார் கணவர்.

"என்னை ஏதோ செய்யச் சொல்லிக் கேட்டா. ஓம் எண்டு சொல்லிப் போட்டன்."

"என்ன செய்ய?"

"அது தெரியாது."

அவர் கதிரையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. யோசிப்பம்" என்றார்.

யோசிக்க நாள் கிடைக்கவில்லை. அந்த வாரத்துக்குள் இரண்டாவது ஸ்ட்ரோக் வந்தது. மன்னார் நேர்ஸ் தன் செபமாலையை அக்காவின் கையில் சுற்றிவிட்டு, தமிழில் செபம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். நான் போய்ச் சேர முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா கேட்டது எதுவாக இருக்கும் என்று யோசித்து, அவருடைய கணவரும் நானும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். அக்கா ஊரிலிருந்து கொண்டு வந்த சால்வை அலுமாரியில் இருந்தது. அதைச் சவப்பெட்டிக்குள் வைத்தோம். கத்தோலிக்கக் கோயிலில் அவருக்காகப் பூசை வைத்தோம். தங்கைக்குச் செய்தி சொல்ல, பாதிரியார் ஒருவரைப் பிடித்து அந்த ஊர்க் கோயிலுக்கு எழுதுவித்தோம். பதில் வரவில்லை. குரோய்டன் மயானத்தில் அடக்கம் நடந்தபோது மழை பெய்தது. சலவைச்சாலைப் பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கும் அக்காவின் மொழிக்கு என்ன பெயர் என்பது தெரியாது.

அதற்குப் பிறகும் அந்தச் சொல்லை நான் விடவில்லை. முதல் எழுத்து எப்படியெல்லாம் மாறியிருக்கலாம் என்று கணக்குப் பார்த்து அகராதியைத் துருவினேன். கடைசியில் பொருந்தக்கூடிய வினைகள் மூன்று அகப்பட்டன. மூன்றுமே 'என்னை' என்ற அசையோடு சேரும். எது அக்கா சொன்னது என்று தீர்மானிக்க எனக்கு அறிவு போதாது. வேறு யாரிடமும் கேட்கவும் வழியில்லை. இதை அக்காவின் கணவரிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று வெகுநாள் யோசித்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை போய்ச் சொன்னேன்.

வீட்டைப் பாதி ஒழித்து வைத்திருந்தார். கடற்கரைப் பக்கம் தமக்கையோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். குசினி மேசையில் எதிரே இருந்து கேட்டார்.

"மூண்டும் என்னென்ன?"

"என்னைப் போர்த்திவிடு. என்னை நினைச்சுக்கொள். என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ."

அவர் மேசைத் துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"போர்த்தச் சொல்லித்தான் கேட்டிருப்பா" என்றார் கடைசியில். "கால் எப்பவும் குளிரும் அவவுக்கு. படுக்கேக்க ரெண்டு காலையும் கொண்டுவந்து என்ர காலுக்கு மேல வைப்பா."

"ஓம், அதுவாத்தான் இருக்கும்" என்றேன் நான்.

"ஆஸ்பத்திரியில போர்த்தித்தானே வைச்சிருந்தவை?"

"ஓம். நல்லாப் போர்த்தித்தான் இருந்தது."

"அப்ப சரி" என்றார். எழுந்து கேத்திலில் தண்ணீர் பிடித்தார். பிள்ளைகள் எப்படி, எந்த வகுப்பு என்று கேட்டார். நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.